வியாழக்கிழமை நடனமும் நாற்பது ஏக்கர் நிலமும்

1

உத்திரமேரூர் பஜார் தெருவில் என்னோடு வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள். நான் இப்போது ஜோடி நடனம் கற்றுக்கொள்கிறேன். ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இசைக்குத் தக்கபடி ஹாலைச் சுற்றி வருவார்களே, அந்த வெள்ளைக்கார நடனம்தான். பள்ளி ஆண்டுவிழாவில் கோலாட்டக் குச்சிகளை எண்ணிக் கொடுத்ததைத் தவிர எனக்கும் நடனத்துக்கும் எந்த ஒட்டுறவும் இருந்ததில்லை.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தின் தெற்குக் கோடி. இதற்குக் கீழே கொஞ்சம் கடல், அப்புறம் பனிக்கட்டி, அவ்வளவுதான். நம் ஊரில் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் இங்கே குளிர் தொடங்கும். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படி ஒரு மே மாத வியாழக்கிழமை ஆறரை மணிக்கு நானும் என் மனைவி ரோசலியும் தேவாலயத்தை ஒட்டிய பழைய மர ஹாலுக்குள் நுழைந்தோம். தரை நன்றாக மெழுகப்பட்டிருந்தது. சுவரோரம் ஹீட்டர்கள் சிவந்து கிடந்தன. ஏழெட்டு ஜோடிகள் நின்றிருந்தார்கள். எல்லோரும் எங்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் பயந்தவர்கள்தான் என்று தெரிந்தவுடன் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

சொல்லித் தருகிறவர் ஹெலன். எழுபதைத் தாண்டியவர். காலமாகிவிட்ட கணவரோடு நாற்பது வருடம் மாட்டுப்பண்ணை நடத்தியவர். முதுகு இன்னும் நிமிர்ந்தே இருக்கிறது. முதல் நாள் அடவு எதுவும் இல்லை, வெறும் நடைதான் என்றார். பிடித்துக்கொண்டு ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடக்க வேண்டும். ஆண்கள் முன்னோக்கி நடப்பார்கள். பெண்கள் பின்னோக்கி நடக்க வேண்டும்.

“பெண்களுக்குத்தான் கஷ்டம். திரும்பிப் பார்க்கக் கூடாது” என்றார் ஹெலன். “குளிர்காலச் சேற்றில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி முதலில் பின்னால் போய்த் தொடட்டும். குதிகால் மெல்ல இறங்கட்டும். அவசரப்பட்டால் விழுவீர்கள்.”

இசை தொடங்கியது. பக்கத்து ஜோடியில் அந்த அம்மா இரண்டாவது அடியிலேயே கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். இன்னொருத்தி கணவனின் காலை மிதித்துவிட்டுச் சிரித்தாள். ரோசலி போனாள். எப்படிச் சொல்வது, நான் அவளைத் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. ஏரியில் மதகு திறந்ததும் தண்ணீர் சத்தமில்லாமல் நகருமே, அப்படிப் பின்னால் போனாள். அவளோடு போய்ச் சேர்வதற்குத்தான் எனக்கு மூச்சு வாங்கியது. சுவருக்கு ஒரு சாண் முன்னால், திரும்பிப் பார்க்காமலே நின்றாள்.

ஹெலன் இசையை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார். ரோசலியின் கால்களைப் பார்த்தார்.

“இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?”

ரோசலி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் வரும். முதியோர் இல்லத்தில் நர்ஸாக நாள் முழுக்கப் பேசுகிறவள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பதில் சொல்ல எனக்கு இடம் விட்டாள் என்று இப்போது புரிகிறது.

“பள்ளியில்” என்றேன் நான். “அவள் படித்த கான்வென்ட்டில் நடனம் சொல்லித் தருவார்கள்.”

“நல்ல பள்ளி” என்றார் ஹெலன்.

வீட்டுக்குக் கிளம்பினோம். காரின் கண்ணாடியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் தெரு திரும்பும்போதுதான் கேட்டாள்.

“கான்வென்ட்டா?”

அவள் படித்தது கூரை ஒழுகும் ஊர்ப் பள்ளிக்கூடம்.

2

அந்த வகுப்புக்கு நாங்கள் போனதற்குக் காரணம் எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாள்.

ஒவ்வொரு வருடமும் என்ன வேண்டும் என்று கேட்பேன். ஒன்றும் வேண்டாம் என்பாள். நானும் அந்தப் பதிலுக்காகவே கேட்கிறவன் மாதிரி, சரி என்று விட்டுவிடுவேன். இந்த வருடம் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் எடுத்ததாம். ஆரம்பநிலை நடன வகுப்பு, பத்து வாரம்.

“இன்னா ரோசலி இது, இந்த வயசுல?”

“வாரத்துல ஒரு மணி நேரம் நீங்க போனப் பாக்காம எம் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

இதற்கு மேல் என்ன பேச முடியும். எனக்குப் பால் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிஃப்ட். அவளுக்குப் பாதி நாள் இரவு ஷிஃப்ட். பல வருடங்களாக நாங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய சீட்டுகளின் வழியாகத்தான் குடும்பம் நடத்தியிருக்கிறோம். ‘ரசம் கீழ்த் தட்டில்’ என்று நான் எழுதுவேன். ‘பார்த்தேன்’ என்று அவள் எழுதுவாள். இப்படித்தான் எங்கள் ஒரே மகள் நிஷாவை வளர்த்துப் படிக்க வைத்தோம், அவளுக்கு இருபத்திரண்டு வயதும் ஆகிவிட்டது. அவள் இப்போது வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வருவாள். அவளுடைய தமிழ் வருடத்துக்கு வருடம் மெலிகிறது. என் ஆங்கிலம் அதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்கிறது.

3

அந்தப் பொய்யை இங்கே சொல்லிவிடுகிறேன். மேலே போவதற்கு அது தெரிந்தாக வேண்டும்.

நான் ஜவுளிக்கடைக்காரர் மகன். தாத்தா காலம் வரை காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி. அப்பா உத்திரமேரூர் பஜாரில் கடை போட்டார். ரோசலி, ஏரியைத் தாண்டி ஒரு காலனியில் பிறந்தவள். அவள் அப்பா ஏர் ஓட்டப் போவார், அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். சொந்தமென்று ஒரு குழி நிலம் கிடையாது. நாங்கள் இருவரும் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தோம். அவள் நர்ஸ், நான் லேப். பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். என் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அவள் வீட்டுக் கதவு எப்போதும் போலத் திறந்தே இருந்தது.

இங்கே வந்த முதல் பொங்கல். இந்த ஊரிலிருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடினோம். ஒருவர் இலையில் பொங்கலை வைத்தபடியே கேட்டார், வீட்டம்மா எந்த ஊர், என்ன குடும்பம் என்று. அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். விவசாயக் குடும்பம் என்றேன். அது பொய் இல்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிலம் எவ்வளவு என்று அவர் கேட்டார். நாற்பது ஏக்கர் என்று வாய் சொன்னது. எங்கிருந்து அந்த எண் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு தொழிற்சாலையிலும் அதே பேச்சு. இங்கே விவசாயி என்றால் ஊர்ப் பெரியமனிதர். உன் மாமனார் விவசாயியா, எவ்வளவு நிலம் என்று ஒருவன் கேட்டான். நாற்பது ஏக்கர் என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. அவன் முகம் வாடிவிட்டது. “பாவம், அதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார்?” என்றான். இங்கே பண்ணை என்றால் பல நூறு ஏக்கர். பொய் சொல்லியும் ஏழையானவன் நான் ஒருவன்தான்.

நிஷா பள்ளியில் குடும்பப் படம் வரைந்தபோது தாத்தா டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆடுகள். நான் திருத்தவில்லை. ரோசலி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் சீட்டுகளுக்கு நடுவே ஒட்டிவைத்தாள். அவள் அப்பா இறந்த வருடம்தான் அதைக் கழற்றினாள்.

4

வகுப்பு முடிந்த இரவுகளில் உடனே தூக்கம் வராது. கண்ணை மூடினால் மெழுகிய மரத் தரை பளபளக்கும். கொஞ்ச நேரத்தில் அது தரையாக இருக்காது, தண்ணீர் கட்டிய வயலாகிவிடும். விளக்கெல்லாம் வானமாகிவிடும். அதில் ஒரு நாள் திரும்பத் திரும்ப வரும்.

எங்களுக்குள் பேச்சு தொடங்கியிருந்த காலம் அது. ரோசலி மருத்துவமனையில் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டேன்.

“நடவு கீது. எங்கம்மா செட்டுல ஒரு ஆள் கொறைஞ்சா வரிசையே பின்தங்கிடும்.”

இரண்டாம் நாள் என்னால் இருக்க முடியவில்லை. பஸ் பிடித்து உத்திரமேரூர் வந்து, அப்பாவுக்குத் தெரியாமல் கடைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஏரி ததும்பிக் கிடந்தது. வரப்பில் போய் நின்றேன். எதிரே தண்ணீரில் பதினைந்து பெண்கள் ஒரே வரிசையாகக் குனிந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நட்டுக்கொண்டிருந்தார்கள். நடவு என்பது பின்னால் போகும் வேலை என்று ஜவுளிக்கடைப் பையனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நட்ட நாற்றை மிதிக்கக் கூடாதே. இடது கையில் நாற்று முடி, வலது கை சேற்றில் இறங்கி ஏறும், கால் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வரும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே வரிசை நூல் பிடித்த மாதிரி வந்தது.

இதில் எது ரோசலி என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் அவள் காலை வெள்ளை ஷூவுக்குள்தான் பார்த்திருக்கிறேன். பதினைந்து முதுகுகளும் என்னை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் இருக்கும். எனக்கு அவசரமே தோன்றவில்லை. தண்ணீரில் மேகம் மிதந்தது, அவர்கள் அதன் மேல் நடந்து வந்தார்கள். அவள் அதில் ஒருத்தி, வந்துகொண்டிருக்கிறாள், அது போதுமென்று இருந்தது. கடைசியில் ஒரு குதிகால் நான் நின்ற வரப்பில் வந்து தட்டியது. அவள் நிமிர்ந்து திரும்பினாள். கன்னத்தில் சேறு.

“எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?”

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அவளுடைய பள்ளித் தோழி சரோஜா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “யாருடி இவுரு, வரப்புல கொக்கு மாரி நின்னுக்கினு கீறாரு?” என்றாள். பதினைந்து பேரும் சிரித்தார்கள். கல்யாணம் செய்துகொண்டால் இவளைத்தான் என்று நான் முடிவு செய்தது அங்கேதான்.

அந்தக் காலைப் பார்த்து ஆசைப்பட்டவன்தான், பிறகு அந்தக் கால் எங்கே பழகியது என்று ஊரிடம் மறைத்தான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

5

நடனத்தில் ஆண்தான் வழி நடத்த வேண்டுமாம். எனக்கு அது வரவில்லை. ஒன்று கையால் தள்ளுகிறேன், இல்லையென்றால் நின்றுவிடுகிறேன். வால்ட்ஸ் என்பது மூன்று எண்ணிக்கை. ஹெலன் ஆங்கிலத்தில் எண்ணுவார், நான் மனதுக்குள் தமிழில் எண்ணுவேன், இரண்டும் சேர்வதற்குள் இசை தாண்டிப் போய்விடும். எந்தக் கால் என்று கேட்டால் ரோசலி காதோரம் சொல்லிக் கொடுப்பாள்.

“பீச்சாங்கால் முதல்ல. காலப் பாக்காதீங்க. மூஞ்சப் பாருங்க.”

ஆறாவது வாரம் ஹெலன் என் கையை எடுத்து ரோசலியின் முதுகில், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, சரியான இடத்தில் வைத்தார். “இங்கிருந்துதான் அவளுக்குச் செய்தி போகிறது. அவளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றார். ஹெலன் நடனத்தைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு வேறு எங்கோ போய்க் குத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிஷா நேரிலேயே வந்தாள். ஜனவரியில் எங்களோடு இந்தியாவுக்கு வருகிறாளாம். சின்ன வயதில் ஒரு முறை போனது, எதுவும் நினைவில்லையாம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணினியில் விசாப் படிவம் நிரப்பினாள். அம்மா பிறந்த ஊர் என்ற கட்டத்துக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னேன். உடனே அந்த ஊரை வரைபடத்தில் தேடி, மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். ஏரி தெரிந்தது. பச்சைப் பச்சையாகக் கட்டங்கள் தெரிந்தன.

“அப்பா, இதுல எது தாத்தா லேண்ட்? டேனியல் கிட்ட காட்டணும். அவங்க பேரன்ட்ஸும் ஃபார்மர்ஸ்.”

டேனியல் அவளுடைய நண்பன். எப்படிப்பட்ட நண்பன் என்று நாங்கள் இன்னும் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். மூச்சை இழுத்தேன். விரல் தானாகப் போய்த் திரையில் ஒரு வட்டம் போட்டது. ஏரிக்கரையிலிருந்து பனைமரங்கள் வரை. நிஷா அதை அப்படியே கோடு போட்டு, அச்செடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சமையலறை வாசலில் ரோசலி கரண்டியோடு நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

நிஷா போன பிறகு ரோசலி எதிரே வந்து உட்கார்ந்தாள். கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“இத்தினி வருசம் நான் ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு இங்க நாலு பேரு மத்தியில தலநிமிந்து நிக்கணும், சரின்னு வுட்டேன். ஆனா புள்ள அந்தப் படத்த எடுத்துக்கினு எங்க வூட்டுக்கு வரப்போறா. எங்கண்ணன் முன்னால போய் நிக்கப்போறா. அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னது, நீங்கதான் திருப்பி எடுக்கணும்.”

“சொல்லாட்டி?”

“சொல்லாட்டி அவ இனிமே நாம சொல்றது எதையும் நம்ப மாட்டா. எங்கப்பனப் பத்திச் சொல்றதயும் சேத்து.”

6

சொல்ல ஆறு மாதம் இருந்தது. போனில் சொல்லலாம் என்று பார்த்தால், இதைப் போனில் சொல்வதா என்று இருந்தது. எழுதி அனுப்பலாம் என்று பார்த்தால் அவளுக்குத் தமிழ் படிக்க வராது, எனக்கு இதற்கு ஆங்கிலம் வராது. நாக்கு இப்படித்தான் சாக்குத் தேடும்.

நடுவில் ஒருத்தரிடம் மட்டும் சொன்னேன். பத்து வாரம் முடிந்தும் நாங்கள் வகுப்பை விடவில்லை. டிசம்பரில், வருடத்தின் கடைசி வகுப்பு முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஹெலனிடம் போய், ரோசலி கான்வென்ட்டில் படிக்கவில்லை என்றேன். வயல், தண்ணீர், நாற்று, கூலி எல்லாவற்றையும் என் ஓட்டை ஆங்கிலத்தில் கொட்டினேன். ஹெலன் பால் குவளையைக் கீழே வைத்தார்.

“நாற்பது வருடமாக எல்லோரிடமும் சேற்றை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். நிஜமாகவே சேற்றிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “இதை ஏன் மறைத்தாய்?”

பதில் சொல்லத் தொடங்கினேன். ஜாதி என்ற சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வாக்கியம் தடுமாறினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தேநீர் ஆறிப்போனது. முழுதாகச் சொல்லி முடித்தேனா என்று தெரியவில்லை. ஆனால் ஹாலைவிட்டு வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது, கோடைக்காலம், எட்டரை மணிக்கும் வெயில் ஹாலின் சுவரில் சாய்ந்து கிடந்தது. ரோசலி காரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“சொன்னீங்களா?”

“அவங்ககிட்ட சொல்லிட்டேன்.”

“அவங்க நம்ம புள்ள இல்லியே” என்று கதவைத் திறந்தாள்.

7

ஜனவரியில் மூவரும் வந்தோம். விமான நிலையத்திலிருந்து காரில் வாலாஜாபாத் தாண்டி, திருமுக்கூடல் பாலத்தில் வரும்போது சொல்லிவிடுவது என்று நாள் குறித்திருந்தேன். பாலம் வந்தது. “இங்கேதான் மூணு ஆறு ஒண்ணாச் சேருது” என்று தொடங்கி, பாலாறு, செய்யாறு, வேகவதி என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். நிஷா படம் எடுத்தாள். பாலம் முடிந்துவிட்டது. முன் சீட்டிலிருந்த ரோசலி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் அண்ணன் அந்தோணி ஒரு கம்பெனி வேன் ஓட்டுகிறார். மாடி வைத்துக் கட்டிய புது வீடு. கறிக்குழம்பும் இட்லியுமாக நாஷ்டா முடிந்தது. நிஷா கையைக் கழுவியதும் கழுவாததுமாக அந்தக் காகிதத்தை விரித்தாள்.

“மாமா, இந்த இடத்துக்குப் போலாமா?”

அந்தோணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “தோ, பின்னாலதான் கீது. வாம்மா” என்று கிளம்பிவிட்டார். நானும் ரோசலியும் பின்னால் போனோம். நவரைப் பட்டத்து நடவு நடந்துகொண்டிருந்தது. வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் வானம். நான் தூக்கத்தில் எத்தனையோ முறை நடந்த இடம். வரப்பில் கால் வைத்ததும் வழுக்கியது.

நிஷா காகிதத்தைச் சரியான திசைக்குத் திருப்பிப் பிடித்தாள். “இந்தக் கோட்டுக்குள்ள எல்லாம் தாத்தாவோடதுதானே?”

அந்தோணிக்குப் புரியவில்லை. விரல் வைத்துப் பொறுமையாகச் சொன்னார். “இது ஏரி உள்வாயிம்மா, தண்ணி நிக்கிற எடம், கவர்மென்ட்டு. இந்த நாலு வயலு மேல்தெரு காரங்களுது. அது சென்னைல கீற ஒருத்தரு வாங்கிப் போட்டுக் கீறாரு.” பனைமரங்களுக்குக் கீழே வந்ததும் அவர் விரல் நின்றது. “இது நம்ம கல்லறை. தாத்தாவ இங்கதான் வெச்சிக் கீறோம்.”

நான் போட்ட நாற்பது ஏக்கருக்குள் என் மாமனாருக்கு இருந்தது அந்த ஆறடிதான்.

நிஷா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இனி நாள் குறிக்க நாள் இல்லை.

“தாத்தாவுக்கு நிலம் கிடையாது, நிஷா. நான் சொன்னது பொய். தாத்தா இந்த வயல்ல எல்லாம் கூலிக்கு ஏர் ஓட்டினார். அம்மா கூலிக்கு நாத்து நட்டா. அது தெரிஞ்சா நம்மள கீழ வெச்சுப் பாப்பாங்கன்னு எனக்குப் பயம். அம்மா என்னைக்கும் அப்படிச் சொல்லச் சொல்லல.”

அவள் காகிதத்தைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். நடவுக்காரப் பெண்கள்கூடக் கையை நிறுத்தியிருந்தார்கள்.

“நீங்க விரலால வரைஞ்சு காட்டினீங்க, அப்பா” என்றாள். “நான் எல்லார்கிட்டயும் காட்டினேன்.”

காகிதத்தை அந்தோணியின் கையில் கொடுத்துவிட்டு, வயலோரத்து வண்டிப்பாதையில் நடந்தாள். கடைக்கோடி வரை போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நான் பின்னாலேயே போகப் பார்த்தேன். ரோசலி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

வயலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சரோஜா. தலை நரைத்திருந்தது, இடுப்பில் வைத்த கை அதே கைதான். “ரோசலி, அந்த ஊர்ல இன்னாமோ டான்ஸ் ஆடிக்கினு கீறியாமே. அந்தோணி சொன்னான். எறங்குடி, நாலு முடி நட்டுட்டுப் போ.”

“யம்மா, ஆள வுடு. அந்த முதுகு வலி எனக்கு இன்னும் மறக்கல” என்றாள் ரோசலி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். “டான்ஸ் வேணா காட்டறோம். வாங்க.”

“இப்பவா? புள்ள அங்க...”

“இப்பத்தான். நீங்க பின்னால போங்க. இன்னிக்கு நான் பாத்துக்கறேன்.”

நிஷா போன வண்டிப்பாதைக்கு வந்தோம். எங்கள் கைகள் இடம் மாறின. அவள் கை என் முதுகுக்குப் போனது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தமிழிலேயே எண்ணினாள். பின்னால் கால் வைத்தேன். பின்னால் நடப்பது எத்தனை பயமான காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. யாரோ ஒருவருடைய கண்ணை நம்பிக் காலை வைக்க வேண்டும். அவள் இதை இருபத்தைந்து வருடம் என்னோடு செய்திருக்கிறாள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

“திரும்பாதீங்க. மூஞ்சப் பாருங்க.”

“பொம்பள பின்னால போறது டெய்லி பாக்கறோம்” என்றாள் சரோஜா. “ஆம்பள போறது இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு சேற்றில் கைகள் இறங்கி ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் மறுபடி நடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களும் பின்னால் போனார்கள், நானும் பின்னால் போனேன். விரல் முதலில், குதிகால் பிறகு. ரோசலியின் முகத்தில் வியர்வை பூத்திருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் அந்தோணியும் வயலும் சின்னதாகிக்கொண்டே போயின. தண்ணீரில் ஒரு மேகம் எங்களோடு வந்தது. எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியவில்லை. அவள் எண்ணுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள், கால்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. எங்கே கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

என் முதுகில், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, ஹெலன் காட்டிக் கொடுத்த அதே இடத்தில் இன்னொரு கை வந்து பட்டது. பட்டு அழுத்தி நிறுத்தியது.

“மெதுவா, அப்பா” என்றாள் நிஷா. “பின்னால வாய்க்கால் இருக்கு.”